ஜெயராணி சமைக்கும் ஞாயிறுகளில் எல்லோருக்கும் ரயில்

கொலோன் நகரத்தில் நடந்த உங்கள் போதகர் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். நன்றி. அதன் பிறகு ஒரு தம்பி எழுந்து, "பாஸ்டர், ஆதிச் சபையின் போதகர்கள் அடிமையையும் எஜமானையும் ஒரே பேச்சால் எப்படி இணைத்தார்கள்? அந்த உத்தியைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் திரையில் அம்புக்குறிகள் போட்ட படம் வேறு. தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே போனதை வயதுக்கோளாறு என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, அது எரிச்சல். அங்கேயே பதில் சொல்லியிருந்தால் அந்தத் தம்பியைத் திட்டியிருப்பேன். இப்போது வீட்டில் இருந்து ஆறுதலாக எழுதுகிறேன். எழுத்திலும் கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்தியாம்! அந்த முதல் போதகர்களுக்கு ஒழுங்காகப் பேசவே வராது என்றுதான் அவர்கள் காலத்துப் படித்தவர்கள் நினைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பயிலும் சுத்தமான கிரேக்கம் ஒன்று இருந்தது. மேடையில் அதற்குத்தான் மதிப்பு. இவர்கள் பேசியது சந்தையிலும் துறைமுகத்திலும் புழங்கிய கிரேக்கம். கம்பளி நெய்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் துணி வெளுப்பவர்களும் கடவுளைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள் என்று பெரிய மனிதர்கள் கேலி செய்தார்கள். யாராவது ஒருவருடைய வீட்டில் கூடுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர், தூரத்திலிருந்து வந்த கடிதத்தை உரக்க வாசிப்பார். வீட்டு எஜமானும் அங்கே இருப்பார், அவருடைய அடிமையும் அங்கே இருப்பார். அந்தக் கடிதம் அடிமையைப் பற்றி எஜமானிடம் பேசியதோடு நிற்கவில்லை. எஜமான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடிமையைப் பார்த்து நேரே பேசியது. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

அதற்காக உடனே கண்ணைத் துடைக்காதீர்கள். அவர்கள் அடிமைத்தனத்தை ஒழிக்கவில்லை. கீழ்ப்படிந்து நட என்றும் சொன்னார்கள், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு துறைமுக நகரத்துச் சபையில் வசதியானவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்த கூலிக்காரர்களுக்கு வெறும் தட்டு. கேள்விப்பட்ட போதகர் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். சண்டை எங்கே வந்தது, பாருங்கள். பிரசங்கத்தில் வரவில்லை, சாப்பாட்டில் வந்தது. அவர்கள் கூடியதே ஒரு மேசையைச் சுற்றித்தான். நீங்கள் பேச்சை மட்டும் வெட்டி எடுத்து அம்புக்குறி போடுகிறீர்கள். சாப்பாடு எங்கே போனது, தம்பிமாரே, தங்கச்சிமாரே? அதைத்தான் அன்று கேட்க நினைத்தேன்.

சரி, நம்முடைய கதைக்கு வருகிறேன்.

ஹம் நகரத்தில் நான் பல வருடம் தமிழ்ச் சபை நடத்தியது உங்களுக்குத் தெரியும். ஜெர்மன்காரரின் கோயில், எங்களுக்கு ஞாயிறு மத்தியானம் தருவார்கள். மேலே ஆராதனை, கீழே மண்டபத்தில் சாப்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு குடும்பம் எல்லோருக்கும் சமைத்துக்கொண்டு வரும். அதை நாங்கள் சாப்பாட்டு முறை என்போம். முறை உள்ள வீட்டுக்காரர் முதல் நாளே வெங்காயம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அன்று ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பின்னேரம் மண்டபத்தைப் பூட்ட வரும் ஹவுஸ்மைஸ்டர் சாவியைக் கிலுக்கிக் கிலுக்கி எங்களை விரட்ட வேண்டியிருக்கும்.

ஜெயராணியின் முறை வரும் ஞாயிறுகளில் மட்டும் எல்லோருக்கும் ரயில் இருக்கும்.

ஜெயராணி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். வாரம் முழுக்க ஜெர்மன் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் ஊட்டிவிடும் கை அது. முறை வரும் ஞாயிறுக்காகத் தன் வேலை நேரத்தை யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வாள். புருஷன் இறந்துவிட்டார். மூத்தவள் எஸ்தர் பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள், இளையவன் பள்ளிக்கூடம். தாயும் மகளும் பெரிய பெரிய சட்டிகளைக் காவிக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "ஐயா, ரயிலுக்கு நேரமாச்சு, போட்டு வாறம்." "மருமகளுக்குச் சுகமில்லை, ஐயா." "நான் இண்டைக்கு உபவாசம்." உபவாசமாம்! அதே ஆள் ஹம் ஸ்டேஷனில் துருக்கிக் கடையின் டோனர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணாலே பார்த்தேன். டோனர் வெட்டுபவனின் பரம்பரையை யாராவது விசாரித்தார்களா? இல்லை. அவனுக்கு என்ன சாதி என்று யாருக்கும் தெரியாது, அதனால் அது ருசியாக இருந்தது.

ஆம், அதுதான் விஷயம். ஜெயராணியின் ஆட்கள் ஊரில் எந்தப் பிரிவு என்று பழையவர்களுக்குத் தெரியும். நான் எந்தப் பிரிவு என்றும் தெரியும். என் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். இதை நீங்களாகவே தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என்னைப் போலத்தான் எங்கள் சபைச் செயலாளர் செல்வராசா அண்ணையும் பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு வந்து இறங்கியவர். அகதி முகாமில் ஒரே பானைச் சோற்றை நாங்கள் அள்ளித் தின்றோம், அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆன்ட்ராக் என்ற அகதி விண்ணப்பம் எழுதி, வழக்குப் பேசி, விசா நிரந்தரமானதும், சாதியும் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்துவிட்டது. வயிறு எரிகிறது, வேறு என்ன சொல்ல?

ஒருமுறை வெளிநாட்டில் இருந்து பெயர்பெற்ற பிரசங்கியார் ஒருவரை அழைத்திருந்தோம். மனிதருக்கு என்ன தமிழ்! அடுக்கடுக்காக வந்து விழுகிறது. நமக்குள் பேதமில்லை, யாவரும் ஓருடல் என்று அவர் குரலை உயர்த்தியபோது கோயில் அதிர்ந்தது. செல்வராசா அண்ணை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பின்வரிசையில் இருந்த இளையவர்களுக்கு அந்தத் தமிழில் பாதிகூட விளங்கவில்லை, போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்தது. அன்றும் ஜெயராணியின் முறைதான். அழுதவர்களில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரயிலுக்குப் போனார்கள். "என்ன ஒரு பிரசங்கம், ஐயா! இப்பிடி ஆக்களை அடிக்கடி கூப்பிட வேணும்" என்று எனக்குச் சொல்லிவிட்டே போனார்கள். பிரசங்கியார் கீழே வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

சில மாதங்களுக்குப் பிறகு சபைக் குழு கூடியது. ஜெயராணியின் ஞாயிறுகளில் மிஞ்சிப்போன சோற்றைப் பார்க்கச் செல்வராசா அண்ணைக்கே சங்கடமாக இருந்ததாம். அதற்கு அவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள்.

"ஐயா, இந்த முறையை நிப்பாட்டுவம். எல்லாரும் வேலைக்குப் போற சனம், பாவங்கள். குறிப்பா ஜெயராணி. தனிய நிண்டு கஷ்டப்படுறாள். டோர்ட்முண்டில ஒரு கடைக்காரன் கேட்டரிங் செய்யிறான். வாற மாதத்தில இருந்து அவனிட்டச் சொல்லுவம். அவளுக்கும் ஆறுதல்."

எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. பெரிய பாரம் இறங்கியதுபோல ஒருவர் "நல்ல யோசனை" என்றார், மற்றவர் ஆமோதித்தார். அவளுக்கு ஆறுதலாம்! அவள் அறையிலேயே இல்லை, அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளைப் பற்றி, அவளுடைய நன்மைக்காக, அவள் இல்லாமல் எல்லாம் முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகு, கோயம்புத்தூரில் இருந்து வேலைக்கு வந்து எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரவீன் மெதுவாக என் பக்கம் வந்தார்.

"பாஸ்டர், ஓப்பனா கேக்கலாமா? இது கேட்டரிங் பிராப்ளமே இல்லல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர் சர்ச்ல இதுக்காகவே ரெண்டு கல்லறைத் தோட்டம் வச்சிருக்காங்க, பாஸ்டர். எனக்குப் பாத்த உடனே தெரியும்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஜெயராணியின் முறை. அது போனால் அதன் பிறகு கேட்டரிங். அவளுடைய சட்டிக்கு அந்த மண்டபத்தில் இனி எப்போதும் இடம் இருக்காது. ஒருவர்கூட ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், எல்லோரும் பாவம் பாவம் என்று சொல்லியே அவளைத் தள்ளி வைத்து முடித்திருப்பார்கள்.

என் புத்தியில் முதலில் பட்டது உங்கள் எல்லோருக்கும் படுவதுதான். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறி, சாதி என்ற அந்தச் சொல்லைச் சொல்லி, போட்டு உடைப்பது. ஆனால் பேசப்போவது அவளுடைய விஷயம். அதனால் அவளிடம் கேட்கப் போனேன். முதியோர் இல்லத்தில், கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், சீருடையோடு வந்து நின்றாள். நான் சொல்லி முடிக்கவில்லை, அவள் குறுக்கிட்டாள்.

"ஐயோ, ஐயா, அப்பிடி மட்டும் செய்துபோடாதேங்கோ. என்ர பிள்ளையளுக்கு இது தெரியாது."

"ஒன்றுமே தெரியாதா?"

"ஒண்டும் தெரியாது. எஸ்தருக்கு அந்தச் சொல்லே தெரியாது. ஒருக்காத் தெரிஞ்சால் பிறகு தெரியாமப் போகாது, ஐயா. எல்லாரும் சண்டைக்குப் பயந்து இஞ்ச வந்தினம். நான் ரெண்டுக்கும் பயந்து வந்தனான். அதை நீங்கள் கோயிலுக்குள்ள வைச்சு என்ர பிள்ளைக்குச் சொல்லப் போறியளோ?"

"அப்ப, முறையில் இருந்து உன் பேரை எடுத்துவிடட்டா?"

"அதெப்பிடி? எடுத்தால் அவையள் வெண்ட மாதிரி. நான் சமைப்பன். வாறவை வரட்டும், போறவை போகட்டும். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ."

மணி அடித்தது, யாரோ கிழவி கூப்பிட்டாள், அவள் போய்விட்டாள். நான் கோப்பியை வைத்துக்கொண்டு நின்றேன். பார்த்தீர்களா சிக்கலை? பேசாமல் விட்டால் அநியாயம் நிலைத்துவிடும். பேசினால் அநியாயம் பட்டவளுடைய பிள்ளை, எல்லோர் முன்னாலும், தான் யார் என்று இன்னொருவர் வாயால் தெரிந்துகொள்வாள். இதற்கு எந்த அம்புக்குறி போடுவீர்கள்? அந்த வாரம் முழுக்க எனக்கு எல்லோர் மேலும் கோபம். வீட்டில் மனைவியோடும் எரிந்து விழுந்தேன். "உங்களுக்குப் பேச வேணும், அவ்வளவுதான். பேசாமல் ஒண்டும் செய்யத் தெரியாதோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கோபத்தில்தான் கேட்டாள், ஆனால் சரியாகக் கேட்டாள்.

பேசாமல் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அந்த ஞாயிறு ஆராதனை தொடங்கும்போதே அறிவித்தேன். "இன்றைக்குத் திருவிருந்து மேலே பீடத்தில் இல்லை. கீழே மண்டபத்தில், சாப்பாட்டு மேசையில், சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் விசுவாசிகள் அப்படித்தான் சாப்பாட்டோடு சேர்த்து அப்பம் பிட்டார்கள். இன்றைக்கு நாமும் செய்வோம்." அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, ஒருவரையும் பெயர் சொல்லவில்லை. சாப்பிடாமல் போகிறவர் திருவிருந்தும் எடுக்காமல் போக வேண்டும். அதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். கோயிலுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. ஜெயராணி பின்வரிசையில் இருந்து என்னை முறைத்துப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே அவள் பக்கம் பார்க்கவில்லை.

திருவிருந்தை வைத்து ஆட்களை மடக்கினீர்களா என்று பின்னால் மேலிடத்தில் என்னைக் கேட்டார்கள். ஆம், மடக்கினேன். இத்தனை காலம் ரயிலை வைத்து அவர்கள் மடக்கவில்லையா?

கீழே இறங்கினோம். சிலர் படியிலேயே நழுவிவிட்டார்கள். சிலர் போவதா இருப்பதா என்று வாசலில் நின்று கதைத்தார்கள். செல்வராசா அண்ணை நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, எங்களுக்கு ரயில் இருக்கு. எங்களுக்கு மட்டும் திருவிருந்தை முதலே தந்தியள் எண்டால் வெளிக்கிடுவம்."

"இல்லை அண்ணை. இண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்."

"அப்ப நாங்கள் எடுக்காமலே போறதோ?"

"அது உங்கட விருப்பம்."

முகத்தை நீட்டிக்கொண்டு போய்க் கோட்டை எடுத்தார். அவருடைய மனைவி மலர் அக்காவும் கோட்டைப் போட்டார். அப்போதுதான் எஸ்தர் அவர்களைக் கண்டாள். அந்தப் பிள்ளைக்கு ஒருவர் ரயில் என்று சொன்னால் அது ரயில்தான், அதற்குள் வேறொன்று இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"மாமா, டோர்ட்முண்ட் போற ட்சூக்தானே? நில்லுங்கோ, பாக்கிறன். ஐயோ, அது இண்டைக்கு ஔஸ்ஃபால்! ஓடாது, மாமா. அடுத்ததுக்கு இன்னும் கன நேரம் கிடக்கு. கோட்டைக் கழட்டிப்போட்டு இருந்து சாப்பிடுங்கோ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஜெர்மன் ரயில்வேக்கு நான் நன்றி சொன்னேன்.

"இல்லைப் பிள்ளை, நாங்கள் பஸ்ஸில போவம்."

"பஸ்ஸில எண்டால் சுத்திச் சுத்தித்தான் போகும், பசிக்கும். நான் கட்டித் தாறன்."

அவர் வாய் திறப்பதற்குள் அவள் ஒரு டப்பாவில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இறைச்சியும் போட்டு, மூடியை அழுத்தி, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். செல்வராசா அண்ணை கையைச் சட்டைப்பைக்குள் விட்டார்.

"வேண்டாம் பிள்ளை."

"மலர் மாமிக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கு."

"வேண்டாம் எண்டால் வேண்டாம்."

அவளுக்கு அது பெரிய குழப்பம். "போன முறையும் நீங்கள் சாப்பிடேல்லை, மாமா. அதுக்கு முந்தியும் சாப்பிடேல்லை. அம்மாவின்ர கறி உறைப்புக் கூடவோ? நான் அம்மாட்டச் சொல்லுறன்."

மண்டபத்தில் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழையவர்கள் எல்லோருக்கும் பதில் தெரியும். ஒருவர்கூட நிமிரவில்லை. பரிமாறும் மேசைக்குப் பின்னால் அகப்பையோடு நின்ற ஜெயராணி மட்டும் நிமிர்ந்தாள்.

"விடு பிள்ளை. உறைப்பு இல்லை. அவர் எங்கட கையால சாப்பிடமாட்டார்."

எஸ்தர் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்?" என்றாள். பிறகு அதையே ஜெர்மனிலும் கேட்டாள். "வாரும்?"

ஜெயராணி மகளைப் பார்க்கவில்லை. செல்வராசா அண்ணையைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக அவளைப் பற்றி அவர் பேசியிருக்கிறார், அவளோடு பேசியதில்லை. அவள் அவரை நேரே பார்த்துச் சொன்னாள்.

"அதை அவர் சொல்லட்டும். தெரிஞ்ச ஆள் அவர்தானே."

நண்பர்களே, நான் இத்தனை பக்கம் உங்களைத் திட்டி வந்தது இந்த இடத்துக்காகத்தான். எனக்கு அந்த நேரத்தில் பேச எவ்வளவு ஆசை வந்தது தெரியுமா? தொழில் பழக்கம். இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் நடுவில் புகுந்து ஒரு ஜெபம் சொல்லி, எல்லோர் கண்ணையும் மூடவைத்து, சூட்டைத் தணித்துவிடுவோம். "ஜெபிப்போமாக" என்ற சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் செல்வராசா அண்ணை தப்பியிருப்பார், அந்தக் கேள்வியும் செத்திருக்கும். பேசக்கூடாத இடத்தில் வாயை மூடத் தெரியாதவன் பிரசங்கியாக இருந்து பிரயோசனம் இல்லை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லை" என்று செல்வராசா அண்ணை மழுப்பினார்.

"அப்ப சாப்பிடுங்கோ, மாமா" என்றாள் எஸ்தர். டப்பா இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அந்தச் சொல் அவருக்குப் பாடம். ஆனால் அது என்னவென்றே தெரியாத ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் ஏலவில்லை. அப்போது மலர் அக்கா, இவ்வளவு நேரமும் வாசலில் கோட்டோடு நின்ற அந்த அமைதியான மனுஷி, புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

"சொல்லுங்கோவன். வீட்டில நல்லாச் சொல்லுவியளே."

செல்வராசா அண்ணை என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறியள். ஒண்டும் சொல்லமாட்டியளோ?"

"அண்ணை, அந்தப் பிள்ளை கேட்டது உங்களிட்ட."

அவர் போய்விட்டார். தனியாகத்தான் போனார். மலர் அக்கா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டு, எஸ்தரின் கையில் இருந்த டப்பாவை வாங்கி, திறந்து, அங்கேயே இருந்து சாப்பிடத் தொடங்கினார். அழுதுகொண்டு சாப்பிட்டார், ஆனால் முழுவதையும் சாப்பிட்டார். படி வரை போன சிலர் திரும்பி வந்து தட்டெடுத்தார்கள். சிலர் வரவே இல்லை. எச்சில் தட்டுகளுக்கு நடுவில் நான் அப்பத்தைப் பிட்டேன். எழுதிக்கொண்டு போன பிரசங்கம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது.

இதை வெற்றிக் கதையாக்கி அடுத்த வகுப்பில் திரையில் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சில குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. செல்வராசா அண்ணை எனக்கு எதிராக மேலிடத்துக்கு முறைப்பாடு செய்தார். மலர் அக்கா மட்டும் தனியாக ரயிலேறி வந்து போனார். கேட்டரிங் பேச்சை அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. "எனக்கு சாம்பார் மட்டும்தான் வரும், பரவால்லையா பாஸ்டர்?" என்று பிரவீன் அடுத்த மாதத்து முறையைக் கேட்டு வாங்கினார். உண்மையில் அவருக்கு அதுவும் வரவில்லை, ஆனால் எல்லோரும் சாப்பிட்டோம்.

சாதி ஒழிந்ததா என்று கேட்பீர்கள். உங்கள் தலைமுறையின் கேள்வியே இதுதான், ஒழிந்ததா, ஒழியவில்லையா. மனிதரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் ஒரு பொய் செல்லாமல் போனது. அந்த ஒன்றுக்கே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அன்று பின்னேரம் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோரும் போன பிறகு ஜெயராணி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள், நான் துடைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் வெளியே மதில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் இருந்து தாயோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயராணி என்னைத் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவும் செய்தாள்.

"நான் ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டனான். நீங்கள் சொல்லாமலே சொல்லிப்போட்டியள்."

"ஓம்."

"இனி வீட்ட போய் நான் அவளுக்குச் சொல்ல வேணும். எந்தச் சொல்லால சொல்லுறது? தமிழில சொன்னால் விளங்காது. டொய்ச்சில அப்பிடி ஒரு சாமானே இல்லை."

"நான் வந்து அவளோடு கதைக்கட்டா?"

குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "வேண்டாம், ஐயா. நீங்கள் சொன்னால் அவள் தலையை ஆட்டிக் கேப்பாள். நான் சொன்னால்தான் அவளுக்குக் கோவம் வரும்." கையைச் சேலையில் துடைத்தாள். "வரட்டும். எனக்கு வராமப் போன கோவம் அவளுக்காவது வரட்டும்."

பெரிய சட்டியை இழுத்து வெளியே வைத்து மகளைக் கூப்பிட்டாள். எஸ்தர் வந்தாள், சட்டியின் மற்றக் காதைப் பிடித்துத் தூக்கினாள். இருவரும் ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்கள். நான் மண்டபத்து ஜன்னலைச் சாத்தப் போனபோது பார்த்தேன். தெரு முனைக்குப் போவதற்குள் அவர்கள் சட்டியை நடைபாதையில் இறக்கி வைத்திருந்தார்கள். ஜெயராணி பேசிக்கொண்டிருந்தாள்.